பழைய டிஐ ஜீப்ல இன்ஜின் சத்தமா? கழட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

இன்ஜின்ல புதுசா ஒரு சத்தம் கேட்டா எல்லாரும் முதல்ல கேக்கறது "எங்கேருந்து வருது"ன்னுதான், ஆனா வார்ப்பிரும்பு பிளாக்குல சத்தம் எல்லா பக்கமும் ஓடும், முன்னாடி புல்லி அடிக்கறது பின்னாடி கிளட்ச் ஹவுசிங்ல கேக்கும், கீழ சம்ப்ல (ஆயில் தேங்கற அடித் தொட்டி) முட்டுற கம்பி மேல ஹெட்டுல கேக்கும். அதனால "எங்க"ங்கறத ரெண்டாவதா வச்சுக்கிட்டு "எப்ப"ங்கறத முதல்ல பிடிங்க. குளிர்ந்து இருக்கும்போதா, சூடானப்புறமா? சும்மா நிக்கும்போதா, மேட்டுல இழுக்கும்போதா? கிளட்ச்ச மிதிச்சா மாறுதா? ஒரு சிலிண்டர கட் பண்ணா, அதாவது அதுக்கு டீசல் போறத நிறுத்தினா, மாறுதா? இந்த நாலுக்கும் பதில் கையில இருந்தா பாதி சந்தேகம் ஸ்பேனர் எடுக்காமலே கழிஞ்சுடும். இது தெரியாம பட்டறைக்கு போய் "இன்ஜின்ல சத்தம்"னு மொட்டையா சொன்னா நேரா ஹெட்டு கழட்டற வேலைதான் ஆரம்பிக்கும்.

நான் இங்க மனசுல வச்சிருக்கறது கமாண்டர் டிஐ, மேஜர் மாதிரி பழைய மஹிந்திரா ஜீப்புல இருக்கற 2523 சிசி நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின. போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., டைரக்ட் இன்ஜெக்ஷன், மெக்கானிக்கல் பம்ப், டர்போ கிடையாது. எம்எம்540ல வந்த 2112 சிசி பெஜோ டிசைன் இன்ஜினுக்கும் இதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும். சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) வண்டி வச்சிருக்கவங்க மட்டும் கீழ சொல்ற நாஸில் (சிலிண்டருக்குள்ள டீசல தெளிக்கற முனை) நட்டு டெஸ்ட்ட தொடவே தொடாதீங்க, காமன் ரெயில்ல பிரஷர் 1000 பாருக்கு மேல போகும், அந்த டீசல் தோல கிழிச்சுட்டு உள்ள போயிடும், கைய இழக்கற அளவுக்கு ஆகலாம்.

ஒரு சின்ன கணக்கு தெரிஞ்சுக்கோங்க. கிராங்க் (பிஸ்டனுங்க சுத்த வைக்கற தண்டு) ரெண்டு சுத்து சுத்தினா கேம் (வால்வுகள தொறக்க வைக்கற தண்டு) ஒரு சுத்துதான் சுத்தும். ஸ்லோ ஸ்பீடு (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம சும்மா ஓடறது) 800 ஆர்பிஎம்னு வைங்க, ஒரு டேப்பெட் (வால்வ தள்ளற பாகம்) நிமிஷத்துக்கு 400 தடவைதான் தட்டும், ஒரு நாஸில் அடிக்கறதும் 400தான், ஆனா கிராங்க் புல்லியோ ஃப்ளைவீலோ லூசா இருந்தா 800. காதால எண்ண முடியாது, போன்ல ரெக்கார்ட் பண்ணி ஸ்பீட கால்வாசியா குறைச்சு போட்டு கேளுங்க, நல்லா எண்ணலாம். பட்டறைக்கு போகும்போது அந்த ரெக்கார்டிங்கும் கையில இருக்கட்டும், ஏன்னா பட்டறை வாசல்ல போய் நின்னதும் சத்தம் காணாம போறது எல்லா ஜீப்புக்கும் இருக்கற பழக்கம்.

எந்த சத்தத்துக்கு உடனே நிறுத்தணும்

கீழேருந்து கனமா "தொம் தொம்"னு ஒரு அடி, கூடவே ஆயில் லைட்டு மினுக்குது இல்ல கேஜ் முள்ளு வழக்கத்த விட கீழ படுத்திருக்கு, இப்படி இருந்தா ஸ்டாப்பர (இன்ஜின நிறுத்தற குமிழ்) இழுத்து அந்த இடத்துலயே நிறுத்திடுங்க. "இன்னும் கொஞ்ச தூரம்தான், ஊருக்குள்ள போயிடலாம்"னு ஓட்டினா சில ஆயிரத்துல முடியவேண்டிய பேரிங் வேலை, கனெக்டிங் ராடு பிளாக்க உடைச்சுட்டு வெளிய வர்ற வேலையா மாறிடும், அதுக்கப்புறம் அந்த பிளாக்கு காயலான் கடைக்குத்தான். ஆயில் லைட்டு எரியும்போதே பிரஷர் ரொம்ப அடிமட்டத்துக்கு போயிருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, அது முன்கூட்டியே எச்சரிக்கை பண்ற லைட்டு கிடையாது. காடு மேடுன்னு ஓட்டறவங்க முள்ளு வச்ச ஆயில் கேஜ் ஒண்ணு தனியா மாட்டிக்கறது நல்லது. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பி.எஸ்.ஐ. இருக்கணும்னு பழைய மெக்கானிக்குங்க ஒரு கணக்கு சொல்வாங்க, தோராயமா பாக்கறதுக்கு அது போதும்.

வேற எந்த சத்தமா இருந்தாலும் பதட்டப்படாம டிப்ஸ்டிக்க உருவி பாருங்க. லெவல் குறைஞ்சிருக்கா? லெவல் ஏறியிருக்கா? ஏறியிருந்தா அது இன்னும் மோசம், டீசலோ தண்ணியோ ஆயில்ல கலந்திருக்கு, மோந்து பார்த்தாலே டீசல் வாசனை தெரியும், தண்ணின்னா பால் டீ கலர்ல இருக்கும். டீசல் கலந்த ஆயில் தண்ணியா ஓடும், நல்லா இருக்கற பேரிங்கையும் அடிக்க வைக்கும்.

ஆஃப் ரோடு போய்ட்டு வந்த மறுநாள் புது சத்தம்

கல்லு, பாறை, ஓடைன்னு போய்ட்டு வந்த வண்டியில முதல்ல இன்ஜின சந்தேகப்படாதீங்க, வண்டி அடியில படுங்க. சம்ப் கார்டு அடி வாங்கி வளைஞ்சு சம்ப்ல முட்டிட்டு இருக்கும். கிளட்ச் ஹவுசிங் கீழ இருக்கற தகரம் நசுங்கி ஃப்ளைவீல்ல உரசும், அது "சர்ர் சர்ர்"னு ஒவ்வொரு சுத்துக்கும் வரும், கேக்கறவங்க எல்லாம் பேரிங் போச்சுன்னே சொல்வாங்க, அந்த தகரத்த ஸ்க்ரூ டிரைவரால நெம்பி விட்டா தீர்ந்துடும். சைலன்சர் பைப்போட ரப்பர் அறுந்து பைப்பு சேசிஸ்ல தட்டறதும் உண்டு, ஆக்ஸிலரேட்டர ஒரு குறிப்பிட்ட அளவு மிதிக்கும்போது மட்டும் "டர்ர்"னு வந்து அதத் தாண்டினா நின்னுடும்.

இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் ஒரு "டொம்", அப்புறம் கிளட்ச் விடும்போது ஒண்ணு. பானெட்ட தொறந்து வச்சு ஒருத்தர நல்லா ரேஸ் பண்ண சொல்லி பக்கவாட்டுல நின்னு பாருங்க, இன்ஜின் ஒரு பக்கமா எகிறி விழுந்தா மவுண்ட்தான். அத அப்படியே விட்டா ஃபேன் றெக்கை ஒரு நாள் ரேடியேட்டர வெட்டும்.

முன்பக்கம் கீச்சு, உறுமல், கடகட

ஃபேன் பெல்ட்ட தண்ணி விட்டு பாக்கறது எல்லாருக்கும் தெரியும், ரெண்டு சொட்டு பெல்ட் மேல தெளிச்சா கீச்சு கொஞ்ச நேரம் நின்னா பெல்ட் காய்ஞ்சிருக்கு, கூடினா டென்ஷன் பத்தல. இதுக்கு மேல சந்தேகம் இருந்தா பெல்ட்ட முழுசா கழட்டிட்டு ஒரே ஒரு நிமிஷம் ஓட விடுங்க. சத்தம் போயிடுச்சுன்னா இன்ஜின் உள்ள ஒண்ணும் இல்ல, வாட்டர் பம்ப் பேரிங், ஆல்டர்னேட்டர், அதுக்கு பின்னாடி இருக்கற வேக்குவம் பம்ப் இந்த மூணுல ஒண்ணு. ஒவ்வொண்ணா கையால சுத்தி ஆட்டி பார்த்தா தெரிஞ்சுடும், வாட்டர் பம்ப் கீழ சின்ன ஓட்டைலேருந்து தண்ணி கசிஞ்ச தடம் இருந்தா அதோட ஆயுசு முடிஞ்சுது. பெல்ட் இல்லாம வண்டிய நகத்தாதீங்க, தண்ணி சுத்தாது, வேக்குவம் இல்லாம பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் இந்த வேலை எல்லாம் பண்ணும்போது லுங்கி, தோள்ல துண்டு, இதெல்லாம் வேண்டாம், ஃபேன் இழுத்துரும்.

பெல்ட் கழட்டியும் முன்பக்கம் அடி நிக்கலன்னா கிராங்க் புல்லிய பாருங்க. நட்டு லூசாகி சாவி கட்டை தேய்ஞ்சிருந்தா அப்படியே பிக்கெண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற பேரிங்) அடிக்கற மாதிரியே அடிக்கும். இத பாக்காம இன்ஜின இறக்கினவங்க நிறைய பேரு. பின்பக்கம் ஃப்ளைவீல் போல்ட் லூசானாலும் இதே கதைதான், அது ஸ்லோ ஸ்பீடுல அதிகமா தெரியும்.

மேல "டிக் டிக் டிக்"

ஆக்ஸிலரேட்டரோட சேர்ந்து ஏறி இறங்கற மெல்லிசான தட்டல்னா டேப்பெட். ஆனா டேப்பெட்ட தொடறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்ட பாருங்க, ஏன்னா அது லீக்கானா அச்சு அசல் டேப்பெட் மாதிரியே "டிக் டிக்"னு வரும். வித்தியாசம் எப்பங்கறதுல இருக்கு. கேஸ்கட் லீக் காலைல குளிர்ந்த இன்ஜின்ல அதிகமா இருக்கும், மேனிஃபோல்டு சூடாகி விரிஞ்சதும் அடைச்சுக்கும், மேட்டுல இழுக்கும்போது திரும்ப வரும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடத்துல கருப்பா புகைக்கரி கோடு இருந்தா வேற சாட்சியே தேவையில்ல. நாஸில் அடியில செப்பு வாஷர் லீக்கானாலும் "சஃப் சஃப்"னு வரும், நாஸில சுத்தி தார் மாதிரி கெட்டியா கருப்பு படிஞ்சிருக்கும், சோப்புத் தண்ணி ஊத்தினா கொப்புளம் வரும்.

ரெண்டும் இல்லன்னா டேப்பெட் கவர கழட்டிட்டு ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்கற தகடு) செக் பண்ணுங்க. அளவு உங்க இன்ஜினோட மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான், குளிர்ல வைக்கணுமா சூட்டுல வைக்கணுமாங்கறதும் அதுலயே இருக்கும், பக்கத்து வண்டிக்காரர் சொல்ற அளவ வைக்காதீங்க. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, அதனால நாலாவது சிலிண்டர்ல ரெண்டு வால்வும் ஒண்ணு மூடி ஒண்ணு தொறக்கற நேரத்துல ஒண்ணாவது சிலிண்டர அட்ஜஸ்ட் பண்ணணும், அதே மாதிரி ஒண்ணாவது சிலிண்டர் வால்வு ஆடும்போது நாலாவது, ரெண்டாவது ஆடும்போது மூணாவது, மூணாவது ஆடும்போது ரெண்டாவது. கூட்டினா அஞ்சு வரணும்னு ஞாபகம் வச்சுக்கிட்டா குழப்பமே இல்ல.

ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். சத்தம் வரக்கூடாதுன்னு டேப்பெட்ட டைட்டா வச்சு குடுக்கறவங்க இருக்காங்க, வண்டி அன்னைக்கு அமைதியா இருக்கும், ஆனா சூடானதும் வால்வு முழுசா சீட்ல உக்காராது, சூடு இறங்க வழியில்லாம எக்ஸாஸ்ட் வால்வு வெந்து போகும். லேசா தட்டற டேப்பெட் வருஷக்கணக்கா ஓடும், டைட்டான டேப்பெட் ஹெட்ட கழட்ட வைக்கும். அளவு சரியா வச்சும் தட்டல் நிக்கலன்னா ராக்கர் ஷாஃப்ட் தேய்ஞ்சிருக்கு, புஷ் ராடு வளைஞ்சிருக்கு, இல்லன்னா ஆயில் மேல வரை ஏறல. கவர் இல்லாம ஸ்லோ ஸ்பீடுல ஓட விட்டு ராக்கர்ல ஆயில் கசிஞ்சு வழியுதான்னு பாருங்க.

காலைல மட்டும் சத்தம், சூடானா போயிடுது

இதுல பயப்பட ஒண்ணும் பெருசா இல்ல. டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல் குளிர்ல சத்தமாத்தான் இருக்கும், உள்ள போன டீசல் பத்தறதுக்கு கொஞ்சம் லேட்டாகும், அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் சேர்ந்துடும், எல்லாம் ஒண்ணா பத்தும்போது அந்த "கடக்"னு அடி. ஊட்டி மாதிரி 2240 மீட்டர் உயரத்துல டிசம்பர் காலைல இது இன்னும் ஜாஸ்தி, காத்தும் மெல்லிசு குளிரும் கூட. கீழ மேட்டுப்பாளையத்துல அதே வண்டி அமைதியா ஸ்டார்ட் ஆகும், அதுக்காக மேல போனதும் பம்ப் டைமிங்க மாத்தாதீங்க.

பிளாக்கோட பக்கவாட்டுல உள்ளுக்குள்ள காலி டப்பாவ தட்டற மாதிரி ஒரு சத்தம் வந்து பத்து நிமிஷத்துல மறைஞ்சா அது பிஸ்டன் லைனர்ல ஆடற சத்தம். தேய்மானம்தான், ஆனா ஆயில் குடிக்கலன்னா, புகை இல்லன்னா, அப்படியே ஓட்டலாம். காலைல ஸ்டார்ட் பண்ண உடனே ரேஸ் பண்றத மட்டும் நிறுத்துங்க.

எல்லா சிலிண்டரும் சேர்ந்து கடினமா அடிக்குது

பம்ப கழட்டி மாட்டினப்புறம் இப்படி ஆச்சுன்னா டைமிங் முன்னாடி போயிருக்கு. ஸ்டார்டிங் நல்லா இருக்கும், சத்தம் மட்டும் சூடானப்புறமும் குறையாது. டைமிங் பின்னாடி போனா சத்தம் குறைஞ்சு வெள்ளைப் புகையும் இழுவை இல்லாமையும் வரும். இது பம்ப் கடைக்காரரோட வேலை, திரும்ப அவர்கிட்டயே கொண்டு போங்க.

ஒரே சிலிண்டர்ல அடி: நாஸிலா, ராடா

இங்கதான் நிறைய பேரு தேவையில்லாம இன்ஜின பிரிக்கறாங்க, இல்லன்னா பிரிக்கவேண்டியத பிரிக்காம ஓட்டி கெடுக்கறாங்க. வண்டிய நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, வீலுக்கு கல்லு வச்சுக்கோங்க. கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கோங்க, மெக்கானிக்கல் பம்புலயும் பிரஷர் 200 பார் அளவுக்கு இருக்கும். இன்ஜின் ஸ்லோவுல ஓடும்போது நாஸில் மேல இருக்கற பைப்பு நட்ட ஒரு துணிய சுத்திக்கிட்டு அரை சுத்து லூஸ் பண்ணுங்க, டீசல் அங்கேயே கசியும், அந்த சிலிண்டர் படுத்துடும், இன்ஜின் தள்ளாடும். திரும்ப டைட் பண்ணிட்டு அடுத்தது. எந்த சிலிண்டர கட் பண்ணும்போது அடி குறையுதோ அதுதான் குற்றவாளி. ஒரு சிலிண்டர கட் பண்ணியும் இன்ஜின் தள்ளாடல, சத்தமும் மாறலன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல.

ஆனா கட் பண்ணி அடி நின்னுட்டதால மட்டும் ராடுதான்னு முடிவு கட்டாதீங்க, ஒழுகற நாஸிலும் இதே மாதிரி நிக்கும். அந்த நாஸில கழட்டி பக்கத்து சிலிண்டர்ல மாட்டுங்க, புது செப்பு வாஷரோட. அடியும் கூடவே அங்க போச்சுன்னா நாஸில், டெஸ்டர்ல போட்டு பார்த்தா பூ மாதிரி தெளிக்காம சொட்டு சொட்டா ஒழுகறது தெரியும், பெரும்பாலும் கரும்புகையும் விட்டுட்டு இருக்கும். அடி பழைய சிலிண்டர்லயே நின்னுட்டா உள்ள பிரச்சனை. ரெண்டு மணி நேர வேலைதான் இது, இத பண்ணாம யாரு இன்ஜின இறக்க சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

உள்ளன்னு ஆனப்புறம் திரும்ப "எப்ப"க்கு வாங்க. நல்லா சூடாகி ஆயில் இளகினப்புறம் கூடுது, நடு ஸ்பீடுல ஆக்ஸிலரேட்டர சட்டுனு விடும்போது "டக டக டக"ன்னு தெளிவா கேக்குது, அது பிக்கெண்ட் பேரிங். ஸ்லோ ஸ்பீடுல கூர்மையா, ரெட்டை அடியா "டக்டக், டக்டக்"னு வந்தா பிஸ்டன் பின் (பிஸ்டன ராடோட சேர்க்கற பின்) புஷ். மேட்டுல முழு இழுவையில மட்டும் ஆழமா கனமா வந்து, ஒரு சிலிண்டர கட் பண்ணாலும் பெருசா மாறலன்னா மெயின் பேரிங் (கிராங்க பிளாக்குல தாங்கறது). கெட்டியான ஆயில் ஊத்தினா இந்த மூணும் கொஞ்சம் அமுங்கும், பழைய வண்டி விக்கறவங்க சில பேரு அப்படித்தான் விக்கறாங்க, அதனால வாங்கும்போது நல்லா சூடாகற வரை ஓட்டி பார்க்காம காசு குடுக்காதீங்க.

ஆயில வடிச்சு வெள்ளைத் துணியில ஊத்தி வெயில்ல பாருங்க, ஃபில்டரையும் அறுத்து மடிப்ப விரிச்சு பாருங்க. மின்னற தூள்கிட்ட காந்தத்த காட்டுங்க, ஒட்டினா இரும்பு, ஒட்டாம செப்பு கலர்ல மின்னினா பேரிங்கோட மேல் பூச்சு போய் அடி உலோகம் தேயுது.

கிளட்ச்ச மிதிச்சா மாறுது

நியூட்ரல்ல நிக்கும்போது உறுமல், மிதிச்சா நிக்குதுன்னா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிச்சாதான் வருதுன்னா கிளட்ச் பேரிங். மிதிக்கும்போது முன்னாடி இன்ஜின்ல ஒரு "டக்" அல்லது அடி மாறினா கிராங்க் முன்னும் பின்னும் ஆடுது, த்ரஸ்ட் வாஷர் தேய்ஞ்சிருக்கு. புல்லிய கண்ணால பார்த்துக்கிட்டே வேற ஒருத்தர மிதிக்க சொல்லுங்க, நகர்றது தெரிஞ்சா லேட் பண்ணாதீங்க, வாஷர் கழண்டு விழுந்தா கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போகும். வண்டி நகரும்போது மட்டும் வர்ற சத்தம் எல்லாம் கிராஸ் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு), டிரான்ஸ்ஃபர் கேஸ் (4 வீலுக்கும் இழுவை பிரிக்கற பெட்டி), ஆக்ஸில் கணக்கு, அதுக்கு இன்ஜின தொடாதீங்க.

ஓடையில இறங்கினப்புறம்

தண்ணிக்குள்ள வண்டி திடீர்னு நின்னுச்சுன்னா திரும்ப செல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க. ஏர் கிளீனர் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்தா தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நாலு நாஸிலையும் கழட்டிட்டு கையால கிராங்க சுத்துங்க, தண்ணி பீச்சி அடிச்சா அத முழுசா வெளியேத்தி, ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, ஏர் கிளீனர காய வச்சு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ஏற்கனவே அடிச்சு ஸ்டார்ட் பண்ணி இப்ப ஒரு சிலிண்டர்ல சத்தமும் வெள்ளைப் புகையும் இருந்தா கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணுங்க, ராடு வளைஞ்ச சிலிண்டர்ல பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது, அங்க மட்டும் கம்ப்ரெஷன் குறைஞ்சு நிக்கும். ஹெட்ட கழட்டி நாலு பிஸ்டனும் மேல வர்ற உயரத்த ஒப்பிட்டு பார்த்தா ஊர்ஜிதம். வளைஞ்ச ராட நிமித்தி போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, புது ராடுதான் போடணும்.

பிக்கெண்ட்னு முடிவான வண்டிக்கும் இன்ஜின இறக்கறதுக்கு முன்னாடி சம்ப கழட்டி பாருங்க, ஜாக்கி போட்டு முன் ஆக்ஸில தொங்க விட்டா பெரும்பாலும் இடம் கிடைக்கும். சந்தேகப்பட்ட சிலிண்டரோட கேப்ப மட்டும் அவுத்து, எந்த கேப் எந்த பக்கம்னு குறி போட்டுட்டு, ஷெல்ல (அரைவட்ட பேரிங் தகடு) பாருங்க. கிராங்க் பின் மேல நகத்த ஓட்டினா கீறல் தட்டுப்படலன்னா, மைக்ரோமீட்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவு காட்டினா, அதே சைஸ்ல புது ஷெல் போட்டு ஓட்டலாம். கீறல் இருந்தா, முட்டை வடிவமா தேய்ஞ்சிருந்தா, வெறும் ஷெல் மாத்தறது வேஸ்ட், கொஞ்ச நாள்ல திரும்ப அடிக்கும். கிராங்க இறக்கி கிரைண்டிங் குடுங்க, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. அண்டர்சைஸ்ல பேரிங் வரும், கிரைண்டிங் பண்றவர் அளவெடுத்து எந்த சைஸ்னு சொன்னதுக்கப்புறம்தான் பேரிங் வாங்கணும். ஆயில் பம்பையும் அதே சமயம் பிரிச்சு பாருங்க, ஏன் பேரிங் போச்சுங்கறதுக்கு பதில் பல தடவை அங்கதான் இருக்கும்.